போர்ப்பயிற்சியிலிருந்து விளையாட்டுக்கு: சிறுகுழல் துப்பாக்கிச் சுடுதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

0.22 அங்குல விட்டமுடைய விளிம்புவெடித் தோட்டாவைக் கொண்டு இலக்குத்தாளில் குறி பார்த்துச் சுடுதல் இன்று உலகளாவிய விளையாட்டாக விளங்குகிறது. பிரித்தானியாவில் இது பரவுவதற்குப் போயர் போர் தோற்றுவித்த அச்சமே உடனடிக் காரணமாயிற்று. போருக்கான ஆயத்தமாகத் தொடங்கிய ஓர் இயக்கம், அந்நோக்கம் மங்கிய பின்னரும் நிலைத்தது எவ்வாறு என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தோட்டாவின் ஆற்றல் குறைவு, எளிய மக்களின் கையில் துப்பாக்கியைக் கொடுக்க அரசு கொண்ட நம்பிக்கை ஆகிய இரண்டும் இவ்விளையாட்டின் அடிப்படைகள் என்பதும், காலனி இந்தியாவில் இரண்டாவது அடிப்படை மறுக்கப்பட்டது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சிறுகுழல் துப்பாக்கி, விளிம்புவெடித் தோட்டா, ராபர்ட்ஸ் பிரபு, பிஸ்லி, ஆயுதச் சட்டம் 1878, தேசிய மாணவர் படை

முன்னுரை

துப்பாக்கியின் வரலாறு பெரும்பாலும் ஆற்றல் பெருகிய வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தொலைவு கூடியது, வேகம் கூடியது, ஒரு நிமிடத்தில் சுடப்படும் குண்டுகளின் எண்ணிக்கை கூடியது என்றே அவ்வரலாறு வளர்கிறது. அதற்கு எதிர்த்திசையில் நடந்த ஒரு கிளைக்கதையும் உண்டு. தமிழகக் கல்லூரிகளில் தேசிய மாணவர் படையில் பயின்றோர் ‘பாயிண்ட் டூ டூ’ என்று அழைக்கும் சிறிய ரைபிளின் கதை அது. போர்க்களத்தில் பயன்படாத அளவுக்கு ஆற்றல் குறைந்த ஒரு தோட்டா, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வழக்கொழியாமல் இருப்பதற்கான காரணங்கள் தொழில்நுட்பத்திலும் சமூகத்திலும் தேடப்பட வேண்டியவை.

விளிம்புவெடித் தோட்டாவின் தோற்றமும் இயல்பும்

1845இல் பாரிசைச் சேர்ந்த லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்னும் துப்பாக்கி வினைஞர், அடித்தால் தீப்பொறி எழுப்பும் சிறு செப்புக் குப்பியின் வாயில் ஓர் ஈயக் குண்டைப் பொருத்தினார். அதில் தனியாக வெடிமருந்து இல்லை. பற்றவைக்கும் வேதிப்பொருளின் விசையே குண்டைத் தள்ளியது. வீட்டுக்கூடத்திலும் தோட்டத்திலும் பொழுதுபோக்காகச் சுடுவதற்கே இது பயன்பட்டது. ஆகவே இவ்வகைத் தோட்டா பிறப்பிலேயே விளையாட்டுக்குரியதாக இருந்தது.

1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம், இதே அமைப்பில் வெடிமருந்தையும் சேர்த்து 0.22 அங்குலக் குறுந்தோட்டாவைத் தன் கைத்துப்பாக்கிக்காக வெளியிட்டது. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் சற்று நீண்ட கூட்டினையும் 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடையுள்ள குண்டினையும் இணைத்து ‘லாங் ரைபிள்’ எனும் தோட்டாவை உருவாக்கியது. இன்றைய போட்டிகளில் சுடப்படுவது இதுவே.

இதன் அமைப்பு எளியது. பித்தளைக் கூட்டின் அடிப்பகுதி விளிம்பாக மடிக்கப்பட்டிருக்கும். அம்மடிப்பின் உட்புறத்தில் பற்றவைக்கும் பொருள் பரப்பப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசிமுனை விளிம்பை நசுக்கும்போது அப்பொருள் பற்றி, வெடிமருந்தை எரிக்கிறது. விளிம்பு நசுங்க வேண்டுமாயின் உலோகத் தகடு மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய தகடு மிகுந்த அழுத்தத்தைத் தாங்காது. இக்காரணத்தால் ஆற்றல்மிக்க தோட்டாக்கள் யாவும் அடிப்பகுதியின் நடுவில் பற்றவைப்பான் பொருந்திய நடுவெடி முறைக்கு மாறின. படைகள் அவற்றையே ஏற்றன. விளிம்புவெடி முறை சிறிய தோட்டாக்களோடு நின்றுவிட்டது.

இந்த வரம்பே பின்னர் நன்மையாயிற்று. அழுத்தம் குறைந்ததால் ஓசை குறைவு. பின்னுதைப்பு ஏறத்தாழ இல்லை. ஈயம், பித்தளை, வெடிமருந்து ஆகிய மூன்றும் சிறிதளவே தேவைப்பட்டதால் விலையும் குறைவு. தக்க தடுப்புச்சுவர் இருந்தால் 25 கஜ நீளமுள்ள அறையிலேயே சுடலாம். எனினும் இக்குண்டு உயிரைப் பறிக்கக்கூடியது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் செல்லவல்லது. எனவே கட்டுப்பாடான சுடுகளமும் ஒழுங்குமுறையும் தொடக்கத்திலிருந்தே இதனோடு இணைந்தன.

போயர் போரும் தொழிலாளர் சங்கங்களும்

பிரித்தானியாவில் குறி பார்த்துச் சுடுதல் சிறுகுழல் துப்பாக்கிக்கு முன்பே அமைப்புரீதியாக வளர்ந்திருந்தது. 1859இல் நேஷனல் ரைபிள் அசோசியேஷன் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு விம்பிள்டனில் அதன் முதல் போட்டிகளை விக்டோரியா அரசி தொடங்கிவைத்தார். 1890இல் இப்போட்டிகள் பிஸ்லி என்னும் இடத்துக்கு மாறின. ஆயினும் போர்த்துப்பாக்கிகளைக் கொண்டு பல நூறு கஜத் தொலைவில் சுடுவதற்குப் பரந்த நிலமும், பயணச் செலவும், பகல்நேர ஓய்வும் தேவைப்பட்டன. ஆலைத் தொழிலாளிக்கும் எழுத்தருக்கும் இவை எட்டாதவை.

1899 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்த தோல்விகள் இந்நிலையை மாற்றின. ஸ்டார்ம்பர்க், மாகர்ஸ்ஃபோன்டைன், கொலென்சோ ஆகிய மூன்று இடங்களில் ஒரே வாரத்தில் பிரித்தானியப் படை முறியடிக்கப்பட்டது. வென்றவர்கள் குதிரை ஏறவும் குறி தவறாமல் சுடவும் இளமையிலேயே பழகிய உழவர்கள். கொலென்சோவில் காயமுற்று இறந்தவர்களுள் ராபர்ட்ஸ் பிரபுவின் மகனும் ஒருவர். அதன்பின் தென்னாப்பிரிக்கப் படைகளுக்குத் தலைமையேற்ற ராபர்ட்ஸ், தாயகம் திரும்பியதும் குடிமக்கள் அனைவரும் சுடக் கற்க வேண்டும் என்ற கருத்தை வலியுறுத்தலானார்.

1901இல் ‘தொழிலாளர் ரைபிள் சங்கங்களின் கழகம்’ இலண்டனில் தோன்றியது. 1903இல் அது மற்றோர் அமைப்புடன் இணைந்து, சிறுவகைத் துப்பாக்கிச் சங்கங்களின் கழகம் என்னும் பொருள்படும் பெயரைப் பெற்றது. ராபர்ட்ஸ் இவ்வியக்கத்தின் முதன்மைப் புரவலரானார். இக்கழகத்தின் நோக்கம் தெளிவானது. மலிவான தோட்டாவைக் கொண்டு, வேலை முடிந்த மாலை நேரத்தில், ஊருக்குள்ளேயே உழைக்கும் மக்கள் சுடப் பழக வேண்டும் என்பதே அது. ரயில்வே பணிமனை, தொழிற்சாலை, தேவாலயக் கூடம், மதுக்கடையின் நிலவறை எனப் பல இடங்கள் சுடுகளங்களாயின. ஃப்ளோபேரின் கூடத்து விளையாட்டு, பேரரசைக் காக்கும் கடமை எனப் புதிய பொருள் பெற்றது.

பேரரசின் மறுபுறம்: மதராசும் ஆயுதச் சட்டமும்

ராபர்ட்ஸின் வாழ்க்கை இவ்வியக்கத்தின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. அவர் 1881 முதல் 1885 வரை மதராஸ் படையின் தளபதியாகவும், பின்னர் 1893 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர். மதராசில் அவர் படைவீரரின் சுடுபயிற்சிக்கு ஊக்கமளித்தார். எனினும் தென்னிந்தியர் போர்க்குணம் குன்றியவர் என்றும், வடமேற்கு மக்களே ‘போர்மரபினர்’ என்றும் அவர் கருதினார். அக்கருத்தை 1897இல் வெளிவந்த தம் நினைவு நூலிலும் பதிவு செய்தார். படைக்கு ஆள்சேர்ப்பதில் மதராஸ் மாகாணத்தின் பங்கு குறைந்ததற்கு இக்கொள்கை முக்கியக் காரணமாகும்.

படைக்கு வெளியே நிலைமை இன்னும் கடுமையானது. லிட்டன் பிரபுவின் ஆட்சியில் இயற்றப்பட்ட 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், உரிமம் இன்றி இந்தியர் ஆயுதம் வைத்திருப்பதைத் தடுத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 1887இல் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரசின் மூன்றாவது மாநாட்டில் இச்சட்டம் விவாதப் பொருளாயிற்று. இன வேறுபாட்டை நிலைநாட்டும் இச்சட்டத்தை நீக்க வேண்டும் என்று விபின் சந்திர பால் அங்கு வாதிட்டார்.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துக் காணுதல் பயனுடையது. ஒரே பேரரசு, இலண்டன் தொழிலாளியின் கையில் துப்பாக்கியைத் தானே கொடுக்க முனைந்தது. மதராஸ் குடிமகனின் கையிலிருந்து அதை விலக்கி வைத்தது. தோட்டாவின் விலையும் ஓசையும் இரு இடத்திலும் ஒன்றே. வேறுபட்டது ஆட்சியாளர் மக்கள்மீது கொண்ட நம்பிக்கை மட்டுமே. தொழில்நுட்பம் ஒரு விளையாட்டைச் சாத்தியமாக்கும். அது பரவுவதை அரசியலே முடிவு செய்கிறது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பிஸ்லி 1908: விளையாட்டின் விதிகள்

1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் சிறுகுழல் துப்பாக்கிப் போட்டிகள் முதன்முறையாக இடம்பெற்றன. பிஸ்லியில் 50, 100 கஜத் தொலைவுகளில் நடந்த தனிநபர் போட்டியில் பிலிப் பிளேட்டர் 400க்கு 391 புள்ளிகள் பெற்று முதலிடத்தில் நின்றார். ஆனால் நாடு ஒன்றுக்கு 12 பேர் என்ற வரம்பை மீறிப் பிரித்தானியாவின் சார்பில் 13 பேர் சுட்டிருந்தனர் என்பது பின்னர் தெரியவந்தது. பிளேட்டரின் புள்ளிகள் விலக்கப்பட்டு, 387 புள்ளிகள் எடுத்த ஆர்தர் கார்னெல் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

இந்நிகழ்ச்சி நுண்ணிய பொருளுடையது. போர்ப்பயிற்சி என்ற அளவில் நோக்கினால் சிறந்த சுடுநர் பிளேட்டரே. அவருடைய திறமையைப் பதிமூன்றாவது பெயர் என்ற காரணம் குறைக்காது. விளையாட்டு என்ற அளவில் விதியே முதன்மை பெறுகிறது. 1908இலேயே இரண்டாவது நோக்கு வென்றுவிட்டது.

1909இல் தொடங்கிய டூவர் கோப்பைப் போட்டி இம்மாற்றத்தை மேலும் உறுதிப்படுத்தியது. பிரித்தானியாவும் அமெரிக்காவும் மோதும் இப்போட்டியில் அணிகள் கடல் கடக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் அணியும் தன் நாட்டில் சாட்சிகள் முன்னிலையில் சுட்டு முடிவுகளை ஒப்பிட்டுக்கொண்டன. உள்ளூர்ச் சங்கங்களும் இதே முறையில் இலக்குத்தாள்களை அஞ்சலில் அனுப்பிப் போட்டியிட்டன. துளை விழுந்த ஒரு தாள், சுட்டவரின் நேர்மைக்கும் திறமைக்கும் ஆவணமாயிற்று.

போருக்குப் பின் நிலைத்தமை

ராபர்ட்ஸ் 1914 நவம்பரில், பிரான்சில் போரிட்ட இந்தியப் படைகளைக் காணச் சென்றபோது நோயுற்று இறந்தார். அவர் அஞ்சிய பெரும்போர் வந்துவிட்டது. ஆனால் அதன் போக்கைத் தீர்மானித்தவை பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் பதுங்குகுழியுமே. மாலைநேரச் சுடுகளத்தில் பழகிய கூர்மை அங்கு தீர்வாக அமையவில்லை.

இயக்கத்தின் தொடக்க நோக்கம் இவ்வாறு வலுவிழந்த பின்னரும் சங்கங்கள் தொடர்ந்தன. அமெரிக்காவில் 1920இல் சந்தைக்கு வந்த வின்செஸ்டர் 52 ரைபிள், படைப்பயிற்சியை முன்னிட்டு வடிவமைக்கப்பட்டது. புகழ்பெற்றதோ இலக்குச் சுடுதலில்தான். 1947இல் பிரித்தானியக் கழகம் தன் பெயரை நேஷனல் ஸ்மால்போர் ரைபிள் அசோசியேஷன் என மாற்றிக்கொண்டது. 1901இல் தாங்கிய ‘தொழிலாளர்’ என்ற அடையாளத்தின் சுவடு அப்பெயரில் இல்லை. துப்பாக்கியின் குழல் அளவே அமைப்பின் அடையாளமாயிற்று.

பின்னுதைப்பு இன்மையால் உடல்வலிமை இவ்விளையாட்டில் தீர்மானக் காரணி ஆகவில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஆண்களோடு சுட்ட மார்கரெட் மர்டாக் 1162 புள்ளிகள் பெற்று, சக அமெரிக்கரான லானி பாஷமுடன் சமநிலை அடைந்தார். சமநிலை முறிக்கும் விதிப்படி தங்கம் பாஷமுக்குச் சென்றது. பரிசளிப்பின்போது அவர் மர்டாக்கை முதலிட மேடைக்கு ஏற்றித் தம்மருகே நிறுத்தினார். ஒலிம்பிக் துப்பாக்கிச் சுடுதலில் பதக்கம் வென்ற முதல் பெண் மர்டாக் ஆவார்.

துல்லியம் தரும் இன்பம்

இவ்விளையாட்டின் ஈர்ப்பை விளங்கிக்கொள்ள அதன் அளவைகளை அறிதல் வேண்டும். 50 மீட்டர் இலக்குத்தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்; குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். போட்டித் தோட்டாவின் வேகம் ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழே அமைக்கப்படுகிறது. ஒலிவேகத்தைக் கடந்து மீண்டும் அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறக்கூடும் என்பதே காரணம். இலக்கை அடைய அதற்கு ஏறத்தாழ 0.16 வினாடி ஆகிறது. அதற்குள் பக்கவாட்டில் வீசும் மெல்லிய காற்றும் குண்டை விலக்கிவிடும். குண்டு குழலினுள் மெதுவாக நகர்வதால், விசையை அழுத்திய பின்னும் சுடுநர் அசையாது இருத்தல் வேண்டும். மூச்சை அடக்கி, இதயத் துடிப்புக்கிடையே விசையை அழுத்தும் இப்பயிற்சியில் எதிராளி என எவரும் முன்னிற்பதில்லை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் கிறிஸ்டியன் கிளீஸ் குப்புறப் படுத்துச் சுட்டு முதற்சுற்றில் 600க்கு 600 பெற்றார். குறைபாடற்ற நிலையை மனிதர் எட்ட முடியும் என்ற இந்த நம்பிக்கையே பயில்வோரை மீண்டும் மீண்டும் சுடுகளத்துக்கு அழைக்கிறது.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியா

1948இல் தொடங்கப்பட்ட தேசிய மாணவர் படை, மாணவரின் கையில் 0.22 ரைபிளைக் கொடுத்தது. ஆயுதச் சட்டத்தின்கீழ் வாழ்ந்த தலைமுறையின் பிள்ளைகள், கல்லூரிச் சீருடையில் இலக்குத்தாளைக் குறி பார்த்தனர். 1951இல் இந்திய தேசிய ரைபிள் சங்கம் உருவானது. மக்களவையின் முதல் தலைவரான ஜி. வி. மாவலங்கர் அதன் முதல் தலைவராக இருந்தார். 1878ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1959இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. உரிமக் கட்டுப்பாடு நீடித்தது. இன அடிப்படையிலான விலக்கு மறைந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றார். இப்பிரிவில் இந்தியா பெற்ற முதல் பதக்கம் இது.

முடிவுரை

விளிம்புவெடித் தோட்டாவின் மெல்லிய கூடு அதைப் போர்க்களத்திலிருந்து விலக்கியது. அதே மென்மை அதை நகரத்துக்குள்ளும் எளியோர் கைக்கும் கொண்டுவந்தது. போயர் போரின் அச்சம் தந்த உந்துதல் பதினைந்து ஆண்டுகளில் பொருளற்றுப் போயிற்று. அது உருவாக்கிய சங்கங்களும் விதிகளும் நிலைத்தன. அதே காலத்தில் இந்தியக் குடிமகனுக்கு மறுக்கப்பட்ட நம்பிக்கை, குடியரசின் தொடக்க ஆண்டுகளில் மாணவர் படை வாயிலாகக் கிட்டியது. எனவே சிறுகுழல் துப்பாக்கிச் சுடுதலின் வரலாற்றைக் கருவியின் வரலாறாக மட்டும் எழுதுதல் போதாது. ஓர் அரசு தன் மக்களுள் யாரை நம்பியது, யாரை ஐயுற்றது என்ற வினாவும் அவ்வரலாற்றின் பகுதியாகும். தமிழகக் கல்லூரிகளின் மாணவர் படைப் பதிவேடுகளும் பழைய சுடுகளங்களின் ஆவணங்களும் இந்நோக்கில் ஆராயத்தக்கன.