'ஈ' என்று முடியும் சொற்கள்

போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது, தகரப் பெட்டியில் தாத்தா காலத்து ஒற்றிப் பத்திரம் ஒன்று கிடைத்தது. எழுதிக் கொடுப்பவர் இன்னார், எழுதி வாங்குபவர் இன்னார் என்று தெளிவான தமிழ். அதைப் பார்த்ததும், வேலையில் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறு ஒன்று ஞாபகம் வந்தது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பிறகுதான் அம்மாவின் ஊரான ஆனைக்குட்டமும் அரசு வேலையும். ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. ஆனால் அன்று கோப்புகளில் பாதி ஆங்கிலம். லெஸ்ஸர் - லெஸ்ஸீ, டோனர் - டோனீ, மார்ட்கேஜர் - மார்ட்கேஜீ என்று ஜோடி ஜோடியாக வரும். 1882-ஆம் வருடச் சொத்துரிமை மாற்றச் சட்டம் முழுக்க இவைதான். 1881-ஆம் வருடச் சட்டத்தில் காசோலைக்கு டிராயீ, பேயீ. நம் பக்கத்துப் பட்டாசு ஆலைக்காரர் லைசென்ஸீ.

இந்த 'ஈ' எனக்குப் பழக்கமானது. பிரெஞ்சில் வினைச்சொல்லின் கடைசியில் 'ஏ' வந்தால் 'செய்யப்பட்ட' என்று பொருள். 1066-இல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, மேல்தட்டு மொழி பிரெஞ்சு ஆனது. நீதிமன்றமும் அதன் பின்னே போனது. 1362-இல், வழக்குகளை ஆங்கிலத்தில் வாதாட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! 1733-இல்தான் நீதிமன்றப் பதிவுகளிலிருந்து பிரெஞ்சு ஒழிந்தது. அதற்குள் அந்த வால் ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்டு 'ஈ' ஆகிவிட்டது. ஊழியம் செய்யும் நிபந்தனையில் நிலம் பெற்றவர் ஃபியோஃபீ. நிலத்திலிருந்து விரட்டப்பட்டவர் டிஸ்ஸீஸீ. இவை இன்று அகராதியில் தூங்குகின்றன. (காபிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

இனி என் தவறு. அரசுப் பணிக்காக நிலம் எடுத்தார்கள். அதில் ஒரு விதவை அம்மாவின் அரை ஏக்கரும் இருந்தது. அதை அவர் ஒருவரிடம் அடமானம் வைத்திருந்தார். நான் குறிப்பு எழுதினேன். 'ஈ' என்றால் 'பட்டவர்'. கடன்பட்டவர் அந்த அம்மாதானே? அவர் பெயருக்கு எதிரே மார்ட்கேஜீ என்று எழுதினேன். கடன் கொடுத்தவரை மார்ட்கேஜர் ஆக்கிவிட்டேன்.

கடன் வாங்குவதைப் பற்றிய சொல்லே அல்ல அது. அடமானத்தை வைப்பவர் மார்ட்கேஜர். அடமானம் யாருக்கு வைக்கப்பட்டதோ அவர்தான் மார்ட்கேஜீ. பிரெஞ்சில் 'மோர்' என்றால் செத்தது, 'காஜ்' என்றால் பிணை. செத்த பிணை! பணம் கட்டாவிட்டால் நிலம் கடன்காரருக்குச் செத்தது, கட்டிவிட்டால் கொடுத்தவருக்கு அந்தப் பிணை செத்தது என்று 17-ஆம் நூற்றாண்டில் எட்வர்ட் கோக் விளக்கம் சொன்னார். இதெல்லாம் தெரிந்த நான்தான் தலைகீழாக எழுதினேன்.

இழப்பீட்டு நோட்டீஸ் கடன் கொடுத்தவர் பெயருக்குப் போனது. அந்த அம்மா நான்கு மாதம் பஸ் பிடித்து அலைந்தார். ஒரு நாள் என் மேஜை முன்னால் நின்று, "தம்பி, இதுல நான் யாருய்யா?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. தலைமை எழுத்தர் கோப்பை வாங்கிப் பார்த்து, ஒரு சொல்லைச் சுழித்துத் திருத்தினார். பணம் வந்து சேர்ந்தது. ஆனால் அந்த அலைச்சலை யார் திருப்பிக் கொடுப்பது?

நம்மிடமும் இப்படி ஒரு வால் உண்டு: தாசில்தார், ஜமீன்தார், மிராசுதார், குத்தகைதாரர். 'தார்' பாரசீகச் சொல்; வைத்திருப்பவர் என்று பொருள். நவாபுகள் போனார்கள், வெள்ளைக்காரர்கள் போனார்கள். வால்கள் மட்டும் அலுவலகத்திலேயே தங்கிவிட்டன.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, எந்த ஆங்கிலக் குறிப்பின் ஓரத்திலும் பென்சிலால் 'கொடுத்தவர்', 'வாங்கியவர்' என்று தமிழில் எழுதிக்கொள்வேன். தாத்தா பத்திரம் எழுதியவருக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.