தோற்ற ஆட்டமும் வேண்டும்

எண்பதுகளில் வத்திராயிருப்பில் செஸ் ஆடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆட்டத்தின் ஆரம்ப நகர்வுகளை எழுதிவைக்க ஆளுக்கொரு ஓப்பனிங் நோட்டு வைத்திருந்தோம். விருதுநகரில் போட்டி என்றால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வருகிறவனுக்குக்கூட அதைக் காட்ட மாட்டோம். இத்தனைக்கும் எல்லார் நோட்டிலும் இருந்தவை மதுரையில் வாங்கிய அதே ஒன்றிரண்டு சோவியத் புத்தகங்களிலிருந்து எழுதியெடுத்த வரிசைகள்தான்.

ஓப்பனிங் படிப்புக்கு இங்கே இருந்த பஞ்சத்தில் வந்த கஞ்சத்தனம் அது. நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். ஐரோப்பியர்கள் எழுதிச் சேர்த்த ஓப்பனிங்குகள் அதற்கு உதவாது. அந்த ஆட்டத்தில் வளர்ந்த பஞ்சாப்காரர் சுல்தான் கான் 1929, 1932, 1933 மூன்று வருஷமும் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். ஓப்பனிங் படிப்பு இல்லாததால் ஆரம்பத்தில் திணறுவார், பிறகு திறமையால் மீண்டு வருவார். எல்லாருக்கும் அந்தத் திறமை வாய்க்குமா? இந்தப் பள்ளத்தைத் தமிழ்நாட்டில் தூர்த்தவர் மானுவல் ஆரோன்: இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் (1961), ஒன்பது முறை தேசிய சாம்பியன். 1972இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில் அவர் தொடங்கிய தால் செஸ் கிளப்பில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கிருஷ்ணன்கோவில் போய் மதுரை பஸ் ஏற வேண்டும்.

உலக அளவில் நோட்டைப் பொதுவில் வைத்த பெரிய முயற்சி, 1966இல் பெல்கிரேடில் அலெக்சாண்டர் மத்தானோவிச் தொடங்கிய செஸ் இன்ஃபார்மேட்டர். அதைப் படிக்க மொழி வேண்டாம், காய்களின் படமும் குறிகளும் போதும். பின்னால் அதே கூட்டத்தார் ஓப்பனிங்குகளை ஏ00 முதல் ஈ99 வரை 500 பிரிவுகளாக வகுத்தார்கள். வத்திராயிருப்புக்காரனும் மாஸ்கோக்காரனும் ஒரே பக்கத்தைப் படிக்கலாம் என்பது சின்ன விஷயமில்லை.

ஆனாலும் அச்சுப் புத்தகத்துக்கும் எங்கள் நோட்டுக்கும் ஒரே நோய். வந்த வழியை எழுதினோம், வந்து சேர்ந்த இடத்தை எழுதவில்லை. வெள்ளை டி4, சி4, குதிரை சி3 என்று போகலாம். சி4, குதிரை சி3, கடைசியில் டி4 என்றும் போகலாம். இரண்டிலும் கறுப்பு குதிரையை எஃப்6இலும் சிப்பாயை இ6இலும் வைத்திருந்தால் பலகை ஒன்றுதான். என் நோட்டில் இந்த நிலை இரண்டு பக்கத்தில் கிடந்தது. ஒன்றில் 'வெள்ளைக்கு நல்லது', மற்றதில் 'சமம்'.

இந்த நோய்க்கு மருந்து கம்ப்யூட்டர்காரர்களிடமிருந்து வந்தது. 1970இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் ஒரு முறையை எழுதினார். ஆறு வகைக் காய், இரண்டு நிறம், 64 கட்டம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் குலுக்கிப் போட்டு எடுத்த ஒரு பெரிய எண். ஆக 768 எண்கள். பலகையில் நிற்கும் காய்களின் எண்களை எக்ஸ்-ஆர் என்ற கணக்கில் கலந்தால் அந்த நிலைக்கு ஒரு சாவி கிடைக்கும். எதை முதலில் கலந்தோம் என்பது எக்ஸ்-ஆருக்குப் பொருட்டே இல்லை. எந்த வழியாக வந்தாலும் சாவி ஒன்று.

இதைச் செஸ் நிரல்களுக்குப் பொதுப் புத்தகமாக்கியது பாலிகிளாட் கோப்பு. ஃப்ரூட் என்ற செஸ் ஆடும் என்ஜினை எழுதிய பிரெஞ்சுக்காரர் ஃபாபியான் லெதூசே 2000களின் நடுவில் கொடுத்தது. 768 எண்களோடு கோட்டை கட்டும் உரிமைக்கு 4, ஆன் பஸானுக்கு 8, யார் முறை என்பதற்கு 1, மொத்தம் 781. ஒரு பதிவுக்கு 16 பைட்: சாவிக்கு 8, நகர்வுக்கு 2, எடைக்கு 2, மிச்சம் 4 என்ஜின் கற்றுக்கொண்டதைக் குறித்துவைக்க. பத்து லட்சம் பதிவு வெறும் 16 எம்பி. பழைய செல்போனிலும் அடங்கும். ஆனால் எல்லா நிரலும் அதே 781 எண்களை வைத்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் இவர் புத்தகம் அவர் என்ஜினுக்குக் குருட்டுப் புத்தகம். பகிர்வு என்பது இந்த ஒப்பந்தம்தான், மற்றதெல்லாம் சேமிப்பு வேலை.

அதில் வில்லங்கம் பிடித்த இடம் அந்த எடை. ஒரு நிலையில் நாலு நகர்வு இருந்தால் எதை நம்புவது? டீப் புளூ என்ற செஸ் கம்ப்யூட்டருக்கு கிராண்ட்மாஸ்டர்கள் உட்கார்ந்து கையால் புத்தகம் தயாரித்தார்கள். 1997 மே 11 அன்று உலக சாம்பியன் காஸ்பரோவுக்கு எதிராகக் காரோ-கான் ஓப்பனிங்கில் இயந்திரம் குதிரையைப் பலி கொடுத்ததும் புத்தகத்திலிருந்துதான். ஆட்டம் 19 நகர்வில் முடிந்தது. எல்லாருக்கும் கிராண்ட்மாஸ்டர் கிடைப்பாரா? பாலிகிளாட் ஆட்டங்களை எண்ணும்: ஜெயித்தால் 2, டிரா என்றால் 1. இன்னொரு வழி, சீனாவில் உருவான மேகத் தரவுத்தளம். அங்கே கிளையின் நுனியில் என்ஜின் மதிப்பெண் போட, அந்த மதிப்பு மேலேறி வேர் வரை திருத்திக்கொண்டே வரும். இப்போது அதில் பல ஆயிரம் கோடி நிலைகள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கோப்பு போட்டபோது எண்ணும் முறையைத்தான் பிடித்தோம். என்னிடம் ஆடப் பழகி, கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்த பையன் நிரல் வேலையைப் பார்த்துக்கொண்டான். பிள்ளைகள் ஆட்டங்களை அனுப்பினார்கள், ஜெயித்ததை மட்டும். சின்னப் பிள்ளைகளுக்குள் இரண்டாவது நகர்விலேயே ராணியை எச்5க்கு இறக்கி நாலு நகர்வில் மேட் வைக்கும் வித்தை நன்றாகவே பலிக்கும். எடை ஏறிக்கொண்டே போய், நல்ல என்ஜின் எங்கள் புத்தகத்தை நம்பி ராணியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நிரலில் ஒரு பிழையும் இல்லை. எங்கள் நோட்டைச் சட்டைக்குள் வைத்த அதே புத்தி, இப்போது தோல்வியை மட்டும் சட்டைக்குள் வைத்திருந்தது.

அதனால் ஒரு விதி வைத்தோம்: போட்டியின் எல்லாச் சுற்றுக்கும் ஸ்கோர் ஷீட் வந்தால்தான் கோப்பில் சேரும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் கேட்டால் கோப்பைக் காசில்லாமல் தருகிறோம். பதிலுக்கு உங்கள் பிள்ளைகளின் தாள்களை அனுப்புங்கள். தோற்ற சுற்றின் தாளைக் கிழித்துவிடாதீர்கள்.