பாக்கி

குமாரபாளையத்துத் தறிப்பட்டறைகளில் தொழிலாளி வாங்கும் முன்பணத்துக்குப் பாக்கி என்று பெயர். நிலுவை என்ற பொருளில் நாம் எங்கும் வழங்கும் சொல்தான். ஆனால் இங்கே வேலைக்குச் சேரும் அன்றே, ஒரு முழம் நெய்வதற்கு முன்பே, நிலுவை தொடங்கிவிடுகிறது. பவானியிலும் குமாரபாளையத்திலும் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் கீர்ட் டி நெவ், 1999இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே இச்சொல்லை வைத்தார். ஆளை நிறுத்தி வைப்பதற்காக முதலாளி பாக்கி கொடுக்கிறார். ஆள் தட்டுப்பாடு இருக்கும்போது தொழிலாளியும் அதைக் கேட்டு வாங்குகிறார். பழைய பாக்கியைப் புதிய முதலாளி அடைக்க, பட்டறை மாறுகிறவர்கள் உண்டு. கட்டாமலே ஊரைவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஆகவே இதைப் பழைய பண்ணையடிமை முறையின் மறுபதிப்பு என்று சொல்லிவிட முடியாது. இதை நாமும் ஏற்கிறோம். ஆனால் பட்டறை மாறியவருக்குக் கடன்காரர்தான் மாறுகிறார், கடன் மாறுவதில்லை.

காவிரிக்கு அக்கரையில் பவானிக் கூடுதுறை. முன்னோருக்குரிய கடனைத் தீர்க்க மக்கள் அங்கே வருகிறார்கள். தமிழில் கடன் என்ற சொல் முதலில் கடமையைச் சுட்டியது. புறநானூற்றில் பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் வகுத்துத் தந்தவை அத்தகைய கடன்களே. பணக்கடனைப் பற்றியும் சமயங்கள் பேசாமலில்லை. யூத மறைநூல் ஏழாண்டுக்கு ஒருமுறை கடன் விடுதலை விதித்தது. இஸ்லாம் வட்டியை விலக்கியது. வட்டி முதலை மிஞ்சக்கூடாது என்றது தர்மசாஸ்திரம். இவை மூன்றிலும் பாக்கி அகப்படுவதில்லை என்பதுதான் வியப்பு. பொதுவாகப் பாக்கிக்கு வட்டியே கிடையாது. கல்யாணத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் உடனே கிடைப்பதால், கொடுப்பவர் தரும சிந்தனை உள்ளவராகவே தோன்றுகிறார். வட்டிக்குப் பதிலாக அவர் பெறுவது தொழிலாளி விலகிப் போகும் உரிமையை.

இந்தச் சமவெளியில் சமய நோக்குடன் கூலியைப் பற்றிச் சிந்தித்த ஒரு முயற்சி உண்டு. குமாரபாளையம் அன்று சேலம் ஜில்லாவில் இருந்தது. அதே ஜில்லாவில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில், 1925இல் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். திறந்து வைத்தவர் பெரியார். (அவ்வாண்டு முடிவதற்குள் அவர் காங்கிரசை விட்டு வெளியேறினார் என்பது வேறு கதை.) கதர் நூற்பு, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு ஆகியவை ஆசிரமத்தின் பணிகள். கல்கி துணையிருக்க 1929இல் அங்கிருந்து வெளிவந்த ‘விமோசனம்’ மதுவிலக்குக்காகவே நடந்த பத்திரிகை. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் அமலாயிற்று. குடி நின்றால் குடும்பக் கடன் தீரும் என்ற நம்பிக்கையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அது ஏழையின் ஒழுக்கத்தைக் கேள்வி கேட்டதே தவிர அவனுடைய கூலியைத் தொடவில்லை.

கூலியைத் தொட்டது 1935ஆம் ஆண்டின் தீர்மானம். நூற்பவருக்கு எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா தரவேண்டும் என்பது காந்தியின் விருப்பம். அவ்வளவு இயலவில்லை. எனினும் போதிய உணவுக்கும் உடைக்கும் கணக்கிட்டுக் குறைந்தபட்சக் கூலி தருவதென்று அகில இந்திய நூற்போர் சங்கம் முடிவு செய்தது. கதரின் விலை ஏறுமே என்ற தயக்கம் இயக்கத்துக்குள்ளேயே இருந்தது. ஏறினால் உடுத்துபவர் தரட்டும் என்பதே அதற்கு மறுமொழி. மலிவாகத் துணி வாங்குவதும் ஒரு பாவச்செயலாகலாம் என்று சொன்ன அறம் அது. விசைத்தறி லுங்கியையும் துண்டையும் வாங்கும் நம்மிடம் அப்படி யாரும் கேட்பதில்லை.

பிறகு சட்டம் வந்தது. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி, முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குச் செல்லும் உரிமையை இழந்தால் அந்தக் கடனே செல்லாது. தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவரை வேலை வாங்கினால் அதுவும் கட்டாய உழைப்பே, வறுமையும் ஒரு கட்டாயமே.

2025 ஜூலையில், ஆற்றோட்டத்தில் குமாரபாளையத்துக்குக் கீழே உள்ள பள்ளிபாளையத்தில், விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியாயிற்று. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம் விற்பனையைக் குற்றமாக்கியது. நெருங்கிய உறவினரல்லாதவர் அன்பினாலோ பற்றினாலோ தருகிறார் என்று அனுமதிக் குழு ஏற்றால்தான் அறுவை நடக்கும். தருபவர், பெறுபவர் இருவரின் வருமானத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி விதிகளும் சொல்கின்றன. அவ்வளவும் இருக்க, தறிக்காரரின் கடன் தாள்களில் தானமாகிவிடுகிறது. கர்ணனின் பெயரோடு நாம் சேர்த்துச் சொல்லும் சொல் இவ்வாறு ஒரு படிவத்தை நிரப்பப் பயன்பட்டதைவிடக் கொடிய செய்தியை அண்மையில் நாம் படிக்கவில்லை.

மருத்துவமனைகள் இரண்டின் உறுப்பு மாற்று அனுமதியை அரசு நிறுத்தியது. ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. தரகரைத் தேடுவது அக்குழுவின் வேலை. பாக்கியைத் தேடும் பொறுப்பை 1976ஆம் ஆண்டுச் சட்டம் மாவட்ட ஆட்சியரிடம் தந்திருக்கிறது. அதற்கென்று ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும் என்கிறது அதன் 13ஆம் பிரிவு.