பால்மர விறகும் சுடுதண்ணியும்

வெயிலும் மழையும் தவிர வேறு பருவமே இல்லாத நாட்டில் சுடுதண்ணிக்கு என்ன வரலாறு இருக்க முடியும் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கோலசிலாங்கூர் பக்கம் குழாயைத் திறந்தால் தண்ணீர் 26, 27 டிகிரியில் வரும். ஐரோப்பாவில் இதையே வெதுவெதுப்பு என்பார்கள். ஆனாலும் தோட்டத்து லயங்களில் தண்ணி காயாத நாள் இருந்ததில்லை. பிள்ளை பெற்றவளுக்கு நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணி, கைக்குழந்தைக்கு, காய்ச்சல்காரருக்கு, மழையில் நனைந்து வந்தவருக்கு, குடிக்க, ஆயாக்கொட்டகையில் பால் கரைக்க. தீபாவளி விடியலில் மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்கிற வீட்டார் அத்தனை பேருக்கும்.

என் பாட்டி புக்கிட் பெலிம்பிங்கில் பால் வெட்டியவர். விறகைப் பற்றிக் கேட்டபோது அவருக்கு அது பேசத் தகுந்த விஷயமாகவே தோன்றவில்லை. "வெறகுக்குன்னு தனியா யாருப்பா போனா? நெரைய விட்டு வர்றப்ப ரெண்டு கொம்பு ஒடிச்சிக்கிட்டு வர்றதுதான்" என்றார். தோட்டத்து எரிபொருள் வரலாற்றில் முக்கால் பங்கு இந்தப் பதிலுக்குள் இருக்கிறது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற பெண், தலையில் சுமந்து வந்த விறகை வேலை என்று கணக்கில் சேர்க்கவில்லை. கங்காணியின் செக்ரோலிலும் அதற்குப் பத்தி கிடையாது.

கணக்கை நாம் போட்டுப் பார்க்கலாம். மண்ணெண்ணெய் வந்த நாலு கேலன் தகர டின்தான் அன்றைக்குத் தண்ணி காய்ச்சும் பாத்திரம். ஏறக்குறைய 18 லிட்டர் பிடிக்கும். அதை 90 டிகிரிக்குக் கொண்டுவர, மூன்று கல் அடுப்பில் இரண்டரைக் கிலோவுக்குக் குறையாமல் காய்ந்த விறகு வேண்டும். அந்த அடுப்பில் நெருப்பின் சூட்டில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடினால் எட்டில் ஒரு பங்குதான் தண்ணிக்குள் போகும். மிச்சமெல்லாம் புகையும், சுவரில் படிகிற கரியும், ஊதுகிறவரின் கண்ணெரிச்சலும். அதைச் சரிக்கட்டியது விளாவுதல். கொதிக்கிற ஒரு டின் தண்ணியைப் பச்சைத்தண்ணியோடு கலந்தால் நாற்பது டிகிரியில் ஐந்து வாளி கிடைக்கும், ஐந்து பேர் குளிக்கலாம். அடுப்பில் வீணானதை வாளியில் மிச்சம் பிடித்தார்கள். எரிசக்திச் சிக்கனம் என்ற சொல் வருவதற்கு முன்பே லயத்தில் அது இருந்தது, பெயர் இல்லாமல்.

விறகு இலவசம் என்று நினைப்பது எளிது. ஆனால் மரம் துரையுடையது. காற்றில் முறிந்த கிளை, பட்டுப்போன மரம், மறுநடவுக்காகச் சாய்த்த மரம் ஆகியவற்றில் முதல் பங்கு சீட்டுப்பால் உலர்த்தும் புகைக்கொட்டகைக்குப் போகும். அங்கே நாள்கணக்கில் அணையாமல் விறகு எரிய வேண்டும். நல்ல பருத்த கட்டைகள் அங்கே, சுள்ளியும் கொம்பும் லயத்துக்கு. ஒரே மரத்துப் பாலும் விறகும் ஒரே கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தன.

நிலக்கரி பக்கத்திலேயே இருந்தது. வட சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1908இல் நிலக்கரி கண்டுபிடிக்கப்பட்டு, 1915 முதல் 1960 வரை மலாயன் கோலியரிஸ் கம்பெனி அதைத் தோண்டியது. ரயில் ஓடியது அந்தக் கரியில், ஈயச் சுரங்கங்களின் யந்திரங்கள் ஓடியது அந்தக் கரியில், கோலாலம்பூரில் விளக்கெரிந்ததும் அந்தக் கரியில். 1937இல் அங்கே தொழிலாளர்கள் சுரங்கத்தையே தங்கள் கையில் எடுத்துக்கொண்டு நடத்திய வேலைநிறுத்தம் மலாயாவின் தொழிற்சங்க வரலாற்றில் பெரிய அத்தியாயம். அதே வட்டாரத்தில் கோல்ஃபீல்ட்ஸ் என்று ஒரு ரப்பர் தோட்டமே இருந்தது. நிலக்கரி வயல் என்று பெயர் வைத்த தோட்டத்திலும் லயத்து அடுப்பில் எரிந்தது பால்மரக் கொம்புதான்.

1948இல் அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் பல ஒரே இடத்துக்கு இழுக்கப்பட்டு முள்வேலிக்குள் அடைக்கப்பட்டன. ஊரடங்கு நேரம், வாசலில் சோதனை. வேலிக்கு வெளியே நிற்க அனுமதிக்கப்பட்ட நேரம் சுருங்கியபோது விறகு பொறுக்கும் நேரமும் சுருங்கியது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி நமக்குச் சுட்டவர்களின் கதைகளும் சுடப்பட்டவர்களின் கதைகளும் தெரியும். அடுப்பின் கதை இன்னும் எழுதப்படவில்லை.

உண்மையில் அடுப்பை மாற்றியது அவசரகாலமல்ல, செம்பனை. அதுவும் இந்த வட்டாரத்தில்தான் தொடங்கியது. பத்தாங் பெர்ஜுந்தை, அதாவது 2007 முதல் பெஸ்தாரி ஜெயா, பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை நடவு. பின்னால் நாவல் எழுதி 1930இல் கொங்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. தோட்டத்தின் பெயர் நம் ஆட்களின் வாயிலிருந்து வந்த தென்னை மரம். நட்டது என்னவோ வேறு மரம். நாற்பது ஐம்பது ஆண்டுகள் அது ரப்பருக்கு நடுவே ஓரமாகத்தான் இருந்தது. செயற்கை ரப்பர் வந்து விலை சரியத் தொடங்கியதும், 1960களிலிருந்து தோட்டம் தோட்டமாகப் பால்மரம் சாய்ந்து செம்பனை ஏறியது.

சாய்த்த வருஷம் விறகுக்குக் கொண்டாட்டம். லயத்துக்குப் பின்னால் கூரை உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்களாம். அடுத்த மூன்று நான்கு வருஷத்தில் அது தீர்ந்துபோனது. அதன் பிறகு என்ன செய்வது என்பதற்கு யாரிடமும் பதிலில்லை. செம்பனையில் ஒடிக்கக் கிளை கிடையாது. மட்டை காய்ந்தால் பற்றும், ஆனால் பொசுக்கென்று எரிந்து அடங்கும், தண்ணி காய்வதற்குள் ஒரு கட்டு காலியாகிவிடும். அடிமரமோ ஈரம் ஊறிய நார், வெட்டிப்போட்டால் எரியாது, அழுகும். கொம்பு ஒடித்த கைகளுக்குச் செம்பனைக் காட்டில் ஒடிக்க ஒன்றுமில்லை.

செம்பனையில் நன்றாக எரியக்கூடியவை பழத்துக்குள் இருக்கின்றன, நாரும் ஓடும். அவை ஆலைக்குப் போய்விடும். ஆலை தன் கொதிகலனை அந்த நாரையும் ஓட்டையும் கொண்டே எரிக்கிறது. வெளியிலிருந்து எரிபொருள் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை. அந்த நீராவியில் பழக்குலைகளை 130, 140 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேகவைத்து, அதே நீராவியில் டர்பைன் சுற்றி மின்சாரமும் எடுக்கிறது. பல தோட்டங்களில் லயத்துக்குச் சாயங்காலம் சில மணி நேரம் விளக்கு வந்தது இப்படித்தான். எண்ணெய் எடுத்த பின் ஆலையை விட்டு வெளியேறும் கழிவுநீர் 80, 90 டிகிரியில் இருக்கும். அதைக் குளம் வெட்டி ஆறவிடுகிறார்கள். சேறும் எண்ணெய்ப்பசையுமான அந்தக் கழிவில் யாரும் குளிக்க முடியாது, தெரியும். ஆனால் சூட்டை மட்டும் கைமாற்றிக் கொடுக்கிற கருவி ஆலை கட்டும் எஞ்சினியருக்குப் புதிதல்ல. ஆலையின் சூடு லயத்துக் குளியலறைக்கு வந்து சேராததற்குக் காரணம் தொழில்நுட்பம் என்று என்னை யாரும் நம்பவைக்க முடியாது. அதைக் கேட்க வேண்டும் என்று லயத்தில் யாருக்கும் தோன்றவில்லை, கொடுக்க வேண்டும் என்று பங்களாவில் யாருக்கும் தோன்றவில்லை.

ரப்பர் மிஞ்சிய இடங்களிலும் விறகு கைவிட்டுப் போனது. பால்மரக் கட்டை வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். அதனால்தான் அது வெறும் விறகாகவே இருந்தது. போரான் உப்பில் ஊறவைத்துச் சூளையில் உலர்த்தும் முறை பரவிய பிறகு, 1980களில், அதே கட்டை மேசை நாற்காலியாகக் கப்பலேறத் தொடங்கியது. பாட்டி கொம்பு ஒடித்த மரத்துக்கு விலை வந்துவிட்டது.

ஆகவே லயம் மண்ணெண்ணெய் அடுப்புக்கும், பிறகு கேஸ் தோம்புக்கும் மாறியது. புகை போனது, கண்ணெரிச்சல் போனது, அது சின்ன விஷயமில்லை. ஆனால் உழைப்பாகக் கொடுத்து வந்ததை இனிக் காசாகக் கொடுக்க வேண்டும். 1966ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் முதலாளி தர வேண்டிய வீட்டைப் பற்றிப் பேசின. 1990 சட்டம் இலவசமாகக் குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் தரச் சொன்னது. தண்ணீர் குளிர்ந்த தண்ணீர்தான்.

இப்போது நம்மிடம் சொல்லப்படுவது, வீட்டுச் சுடுதண்ணியைச் சிக்கனமான முறைக்கு மாற்றுங்கள் என்பது. கூரையில் சூரியத் தகடு, தொட்டி, அல்லது வெப்ப பம்ப். நல்லதுதான். நம் நாட்டில் ஒரு சதுர மீட்டரில் ஒரு நாளைக்கு விழும் வெயில் 4 முதல் 5 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இரண்டு சதுர மீட்டர் தகடு இருந்தால் 150 லிட்டர் தண்ணியை 50 டிகிரிக்குக் கொண்டுவரும். பம்ப் கூட வேண்டாம், சூடான தண்ணீர் தானே மேலேறித் தொட்டிக்குள் போகும்.

ஆனால் பழைய தோட்டக் குடும்பம் ஒன்றின் கணக்கைப் பாருங்கள். குளியலறைச் சுவரில் மாட்டும் 3.6 கிலோவாட் ஹீட்டரில் ஒருவர் ஐந்து நிமிடம் குளித்தால் 0.3 யூனிட். ஐந்து பேருக்கு மாதம் 45 யூனிட். 2014இல் வந்து 2025 வரை இருந்த கட்டணப்படி முதல் 200 யூனிட்டுக்கு 21.8 சென். ஆக மாதம் பத்து வெள்ளிக்கும் கீழே. பல ஆயிரம் வெள்ளி போட்டு வாங்கும் சூரியத் தகடு மிச்சம் பிடிப்பது இந்தப் பத்து வெள்ளியைத்தான். ஐயாயிரம் வெள்ளி என்று வைத்தாலும் போட்ட பணம் திரும்ப நாற்பது வருஷத்துக்கு மேலாகும். அதிகம் எரிக்கிறவர்களுக்குத்தான் யூனிட் விலை ஏறும், அவர்களுக்குத்தான் தகடு லாபம். 2008இல் 20 வெள்ளிக்குள் வரும் மின்கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவித்தார்கள். அந்தச் சலுகை எல்லோருக்கும் இருந்த 2018 வரை, பதினெட்டு வெள்ளிக்கு எரித்துக்கொண்டிருந்த வீடு ஹீட்டர் மாட்டினால் பத்து வெள்ளி கூடவில்லை, முழுதாக இருபத்தெட்டும் கட்ட வேண்டியிருந்தது. சிக்கனக் கழிவுத் திட்டங்கள் 2011இல் வந்தபோது அவை குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் வந்தன.

காசு ஒரு பக்கம். கூரை யாருடையது என்பது இன்னொரு பக்கம், எனக்கு அதுதான் பெரியதாகத் தெரிகிறது. லயத்துக் கூரை கம்பெனியுடையது. அதில் ஓர் ஆணி அடிக்கவும் ஆபீசில் கேட்க வேண்டும். 3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியர் இழுக்கும். அதற்குத் தனிக் கம்பியும் ஈ.எல்.சி.பி.யும் வேண்டும். இரண்டு விளக்குக்கும் ஒரு மின்விசிறிக்கும் என்று போட்ட பழைய வயரிங் அதைத் தாங்காது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர் நாற்பது வருஷக் கணக்கில் எதைப் பொருத்துவார்? பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் மேரி, நைகல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் பாட்டாளிகள் சொந்த வீட்டுக்காக இருபதாண்டுகளுக்கு மேல் கேட்டு நின்றார்கள். ஒரு தலைமுறைக் காலம் அது. அவர்களிடம் போய் ஹீட்டரை மாற்றுங்கள் என்று துண்டுப் பிரசுரம் கொடுப்பவரின் முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை.

தோட்டத்தை விட்டு வந்து, மலிவு விலை அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் என் சின்னம்மா ஹீட்டர் மாட்டவில்லை. வீட்டுக்காரர் சுவரைத் துளைக்க விடமாட்டார். 1.7 லிட்டர் மின்கெண்டியில் இரண்டு தடவை கொதிக்கவைத்து வாளியில் ஊற்றி, பச்சைத்தண்ணி சேர்த்து, கையை விட்டுப் பார்க்கிறார். கணக்குப் போட்டேன். நாற்பது டிகிரியில் ஒரு வாளி நிறைய, செலவு 0.3 யூனிட். "ரொம்ப கொதிக்குதா? இன்னும் ஒரு செம்பு வெளாவு" என்கிறார், பேரப்பிள்ளையிடம்.