மணிப் பின்னல்

நூலைக் கண்ணி கண்ணியாக வளைத்துச் செல்லும்போதே ஒவ்வொரு கண்ணியிலும் மணியைச் சேர்த்துக்கொள்ளும் கைவேலை மணிப் பின்னல். நிட்டிங், க்ரோஷே, ஆரி மூன்றிலும் இது உண்டு. முடிந்த துணியின்மேல் மணியைத் தனியாக வைத்துத் தைப்பது வேறு வேலை. இங்கே மணியைப் பிடித்திருப்பது கண்ணிதான். சென்னையில் தியாகராய நகரிலும் மயிலாப்பூரிலும் கல்யாண ரவிக்கைகளில் இன்று காணும் ஆரி வேலை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

மணி செய்வதில் தமிழ் நிலம் முந்தியது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945இல் அகழாய்வு செய்தார். கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிச் செய்த சிறு மணிகள் அங்கே ஏராளமாகக் கிடைத்துள்ளன. இதே வகை மணிகள் ஆப்பிரிக்கக் கரையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கிடைப்பதால் இவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என்பர். இழுத்துச் செய்யும் அந்த முறை திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் அண்மைக்காலம் வரை தொடர்ந்தது. எனினும் நம் ஊரில் மணி கழுத்துக்கும் கைக்கும் கோக்கப்பட்டது. கம்பளி நூலைக் கண்ணியாகப் பின்னும் தேவை இந்த வெயிலில் எழவில்லை.

அந்தத் தேவை குளிர்நாடுகளில் எழுந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பியப் பெண்கள் மெல்லிய பட்டு நூலில் மணி வைத்துப் பணப்பைகள் பின்னினர். கண்ணிக்கு ஒரு மணி வீதம் ஆயிரக்கணக்கான மணிகளை முதலிலேயே நூலில் கோத்துவிடுவார்கள். கடைசியாகக் கோத்த மணியே முதலில் ஊசிக்கு வரும் என்பதால் பூவோ பறவையோ எதுவானாலும் வடிவத்தைத் தலைகீழாக எண்ணிக் கோக்க வேண்டும். ஒரு மணி கூடிவிட்டால் படம் முழுதும் நகர்ந்துவிடும். அந்த மணியைக் குறட்டால் நொறுக்கி எடுப்பதே வழி. நூலை அறுத்தால் எல்லாம் போயிற்று. இவ்வளவு பொறுமை கேட்கும் வேலை கைத்தொழில்களில் குறைவு. முன்கூட்டிக் கோக்காமல், வேண்டிய இடத்தில் மட்டும் மெல்லிய கொக்கி ஊசியால் மணியைக் கண்ணிக்குள் நுழைக்கும் எளிய முறையும் நிட்டிங்கில் உண்டு.

தமிழகத்துக்கு ஐரோப்பிய நூல்வேலையைக் கொண்டுவந்தவர்களில் மிஷனரிப் பெண்கள் முக்கியமானவர்கள். 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பின்னர் இடையன்குடியில் எலிசா கால்டுவெல் அதே வேலையைச் செய்தார். பால் குவளைக்கும் தண்ணீர்க் கூஜாவுக்கும் க்ரோஷேயில் வட்ட மூடுதுணி பின்னி ஓரத்தில் மணி தொங்கவிடும் வழக்கமும் ஆங்கிலேயர் காலத்தது. விசிறிக் காற்றில் துணி பறக்காமல் இருக்க அந்த மணிகளின் கனம் உதவியது.

ஆரி எதிர்த்திசையில் பயணித்தது. குஜராத்தின் கட்ச் பகுதியில் தோல் வேலை செய்த மோச்சிகள், செருப்பு தைக்கும் கொக்கி ஊசியைத் துணிக்குக் கொண்டுவந்தனர். சங்கிலித் தையலான இது 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பரவி, துணியைப் பறைபோல் இறுக்கும் வட்டச் சட்டத்தால் தம்பூர் வேலை என்று பெயர் பெற்றது. 1770இல் பிரெஞ்சுக்காரரான செயின்ட்-ஓபான் தம் பூத்தையல் நூலில் இதை விவரித்தார். துணியை நீக்கிவிட்டு வெறும் நூலில் அதே கொக்கியை ஓட்டியதுதான் க்ரோஷே என்று துணி வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சின் லூனவில் நகரத்தார் மணியை நூலில் முன்பே கோத்து, துணியின் பின்பக்கமிருந்து தைத்தனர்.

சென்னை ஆரியில் மணி மேலிருந்து வருகிறது. பட்டர் பேப்பரில் வரைந்த கோட்டை ஊசியால் துளைத்து, துணிமேல் வைத்து மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்தால் கோலம்போலப் புள்ளிகள் இறங்கும். சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டுவார்கள். இடக்கை துணியின் அடியில் நூலைப் பிடித்திருக்கும். வலக்கை கொக்கி ஊசியில் மணியைக் கோத்துக் குத்தி, நூலைக் கண்ணியாக மேலே இழுக்கும். மணி கண்ணிமேல் சறுக்கி உட்காரும். அடுத்த குத்து அதைப் பூட்டும். துளை சிறுத்த மணிக்கும் ஜர்தோசி எனும் உலோகக் கம்பிச் சுருளுக்கும் சாதாரண மெல்லிய ஊசி. தெலுங்குப் பேச்சில் இதுவே மக்கம் ஒர்க்.

தியாகராய நகர் 1920களில் உருவான குடியிருப்பு. 1928இல் நல்லி பட்டு நிறுவனம் அங்கே கடை வைத்தது. பின்னர் பனகல் பூங்காவைச் சுற்றிப் பட்டுக்கடைகள் பெருகின. புடவை வாங்கும் இடத்திலேயே லைனிங், மேட்சிங், தையல் என எல்லாம் சேர்ந்ததால் ஆரிக்காரர்களும் அங்கே வந்தனர். வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த கைவினைஞர்கள் சட்டத்தைச் சுற்றி அமர்ந்து வேலை செய்கிறார்கள். கடந்த பதினைந்து ஆண்டுகளில் பயிற்சி பெற்ற சென்னைப் பெண்கள் பலர் வீட்டிலேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். கூலியைப் பேசும்போது கடையில் பார்ப்பது மணியின் பளபளப்பை. பார்க்கவேண்டியது பின்பக்கத்து முடிச்சை. சங்கிலித் தையலில் கடைசி முடிச்சு விட்டுப்போனால் மணவறையிலேயே ஒரு வரிசை முழுதும் உதிரும்.

அதே குணத்தால்தான் பழைய ரவிக்கையையும் பிரிக்க முடிகிறது. முடிச்சைக் கண்டுபிடித்து வெட்டி நூல்முனையை மெல்ல இழுத்தால் கண்ணிகள் ஒவ்வொன்றாக அவிழும். கீழே ஒரு தட்டை வைத்தால் மணிகள் அதில் விழும்; அடுத்த ரவிக்கைக்கு ஆகும்.