சஹானா: சுனாமியில் பிறந்த ஒரு மென்பொருளின் கதை



2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்து போன பிறகு எங்கள் கரையோர ஊர்களின் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் முகாம்களாகின. யார் எங்கே இருக்கிறார், யாரைக் காணவில்லை என்பதெல்லாம் கொப்பித் தாள்களில்தான் இருந்தன. கல்முனையில் எழுதிய பெயர் காலியில் தேடுகிறவருக்குத் தெரியாது. ஒரு முகாமில் உடுப்புக் குவிந்து கிடக்கும். அடுத்ததில் குடிக்கத் தண்ணீர் இருக்காது.

அதே நாட்களில் கொழும்பில் நடந்த ஒன்றை நம்மில் பலர் அறியவில்லை. மென்பொருள் கம்பனிகளில் வேலை செய்தவர்கள் தொண்டர்களாகச் சேர்ந்து, லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ், சில வாரங்களில் ஒரு மென்பொருளை எழுதினார்கள். காணாமல் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைகள் என எல்லாவற்றுக்கும் அதில் பதிவு இருந்தது. பெயர் சஹானா, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். 26,000க்கும் மேற்பட்ட குடும்பங்களின் விபரம் அதில் ஏறியது.

அது ஓடிய அரசாங்க நிலையம் கொஞ்ச நாளிலேயே மூடப்பட்டது. வழமையாக நமது நாட்டில் கதை அங்கே முடிந்துவிடும். இது முடியவில்லை. சுவீடனின் சீடா நிறுவனம் பணம் கொடுக்க, முழுவதையும் திரும்ப எழுதி, எவரும் எடுத்துப் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டார்கள்.

2005 ஒக்டோபரில் பாகிஸ்தானில் பூகம்பம் வந்தபோது, அந்நாட்டில் அடையாள அட்டை வழங்கும் நாட்ரா இதைப் பாவித்தது. 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் பாவிக்கப்பட்டது. அங்கே கைகொடுத்தது ஐபிஎம் என்ற பெரிய கம்பனியின் அனர்த்த உதவிக் குழு.

ஐபிஎம் தர்மம் செய்ய மட்டும் வந்தது என்று நினைக்க வேண்டியதில்லை. அரசாங்கங்களுக்குச் சேவை விற்கிற கம்பனி அது. நல்ல பெயர் அதற்கும் தேவை. அதில் பிழை காண ஒன்றுமில்லை. நாம் பார்க்க வேண்டியது உடைமை யாரிடம் இருந்தது என்பதைத்தான். நமக்கு இது புதிய விடயமல்ல. வக்பு செய்த கிணற்றில் ஊர்ப் பணக்காரரும் தண்ணீர் அள்ளலாம், விரும்பினால் கட்டும் கட்டிக் கொடுக்கலாம்; உறுதியைத் தன் பெயருக்கு மாற்ற முடியாது. சஹானாவின் அன்றைய உரிமமும் கிட்டத்தட்ட அப்படித்தான். நிரலை மாற்றி வெளியே கொடுக்கிற கம்பனி, அந்த மாற்றத்தையும் எல்லோருக்கும் திறந்தே கொடுக்க வேண்டும்.

சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலனுக்கான 2006ஆம் ஆண்டு விருது சஹானாவுக்குக் கிடைத்தது. 2009இல் அதற்கென்றே தனி அமைப்பு உருவானது. அடுத்த வருடம் ஹெயிட்டி பூகம்பத்திலும் அது வேலை செய்தது.

நிரல் இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.