சித்தத்துக்கு இணங்குதல்: சிவகாசியும் டோனாவூரும் காட்டும் வழி

வாழ்க்கை மாறும்போது அதைக் கடவுளின் சித்தமென ஏற்பது, விதியே என்று சோர்ந்து கிடப்பதுதான் எனச் சிலர் கருதுகிறார்கள். அது உண்மையல்ல என்பதற்கு சிவகாசியும் டோனாவூரும் அமைந்த தென்தமிழகத்தின் மிஷனெரி வரலாறே சான்று. கேம்பிரிட்ஜில் கணிதத்தில் சிறந்து தேறிய தாமஸ் ராக்லாந்து ஐயர், சி.எம்.எஸ். மிஷனெரிச் சங்கத்தின் செயலராகச் சென்னையில் இருந்தவர். அந்த வாழ்வை விட்டு, 1854இல் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகளை உள்ளடக்கிய அன்றைய வடதிருநெல்வேலிக்கு வந்து, கூடாரத்தில் தங்கி ஊர் ஊராக ஊழியம் செய்தார். தென்பகுதிச் சபைகளின் உபதேசியார்களும் முறைவைத்து வந்து உடனுழைத்தனர். உடல்நலம் குன்றிய நிலையிலும் பணியைத் தொடர்ந்தவர், 1858 அக்டோபர் 22இல் சிவகாசியில் காலமானார்.

அது அவரே தேர்ந்த மாற்றம். தேடாமல் வந்து விழும் துன்பத்துக்கு அது எப்படி விடையாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விடை, 1922இல் ராக்லாந்தின் வரலாற்றை நூலாக எழுதிய டோனாவூர் மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் வாழ்வில் இருக்கிறது. 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் இடறி விழுந்தார். அதன்பின், 1951 ஜனவரி 18இல் மறையும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் டோனாவூரில் தம் அறைக்குள்ளேயே கழிந்தன. நடந்து திரிந்து செய்த ஊழியம் நின்றது, எழுத்தூழியம் பெருகியது. நோயாளிகளுக்கென வந்த நூல்களில் பல, நலமாயிருப்போர் எழுதியவை. அவை நோயுற்றோரின் நெஞ்சைத் தொடுவதில்லை என்று உணர்ந்து, நோயிலிருந்தே நோயுற்றோருக்கு எழுதினார். இழந்ததை இழப்பென்று அறிந்து, எஞ்சியதைக் கொண்டு பணியாற்றுவதே விசுவாசத்தின் ஏற்பு.

இதைவிடக் கடுமையான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் ஏற்கச் சொன்னால் அநீதிக்கும் தலைகுனிய வேண்டாமா? வேண்டியதில்லை. கோயில்களுக்கு ஒப்படைக்கப்பட்ட சிறுமியரின் நிலையைக் கடவுளின் சித்தமென்று அம்மையார் விட்டுவிடவில்லை. 1901 முதல் அடைக்கலம் தந்தார், நோயுற்றோருக்காக மருத்துவமனையும் டோனாவூரில் எழுந்தது. கெத்செமனேயில் இயேசுவும் பாத்திரம் நீங்கும்படி மன்றாடிய பின்னரே பிதாவின் சித்தத்துக்கு இணங்கினார். பவுலும் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்க மூன்றுமுறை வேண்டிக்கொண்டார். மன்றாட்டும் முயற்சியும் முன்னே செல்ல, இணக்கம் பின்னே வருகிறது. திருத்தக்கூடிய தீமையை எதிர்ப்பதும், மாற்ற முடியாத இழப்பைச் சுமப்பதும் ஒரே விசுவாசத்தின் இரு கடமைகள்.

மழை பொய்த்த ஆண்டிலும், பிழைப்புக்காகப் பிள்ளைகள் வெளியூர் சென்றபின் முதியோர் தனித்திருக்கும் வீட்டிலும் இந்த வேறுபாடு தெளிவாக இருக்க வேண்டும். பவுல் சிறைக்காவலில் எழுதிய பிலிப்பியர் நிருபத்தில், மனரம்மியமாக இருப்பதைத் தாம் கற்றுக்கொண்டதாகச் சொல்கிறார். கற்கவேண்டியதை ஒரே நாளில் எவரிடமும் எதிர்பார்க்க முடியாது. ஆகவே, துன்பப்படுபவரிடம் "ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி நகர்வது சபையின் வேலையல்ல. அவர் கற்கும் காலமெல்லாம் உடனிருந்து, அவரால் இன்றும் செய்ய முடிந்த ஊழியத்தை அவருக்குக் கொடுப்பதே சபையின் வேலை.